சர்தை நகரின் வெள்ளிக்காசு

திருவெளிப்பாட்டு நூலை வாசித்தவர்களுக்குச் சர்தை என்னும் பெயர் புதிதன்று. ஆசியாவின் ஏழு திருச்சபைகளுக்கு வரையப்பட்ட மடல்களுள் ஐந்தாவது இந்நகருக்கு உரியது. ஏழனுள் கடுமையான மடல்களில் இதுவும் ஒன்று. உயிருள்ள சபை என்று பெயர் பெற்றும் உள்ளே செத்துக் கிடந்த சபை என்பதே சர்தையைப் பற்றி நம் நினைவில் நிற்கும் செய்தி. ஆனால் அம்மடல் எழுதப்படுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே சர்தை உலகறிந்த நகரமாக விளங்கியது. அப்புகழை அதற்குத் தேடித் தந்தது காசு. தூய பொன்னிலும் தூய வெள்ளியிலும் தனித்தனியே, குறித்த எடையில், அரச முத்திரையிட்டு முதன்முதலில் காசு அடித்த நகரம் இதுவே என்பர் வரலாற்றாசிரியர். பின்னாளில் இந்தியாவின் சிந்து நதி முதல் எகிப்து வரை பரந்து கிடந்த பாரசீகப் பேரரசு தன் வெள்ளிக்காசை அடித்ததும் இங்கேதான் என்பது ஆய்வாளருள் பெரும்பாலோர் கருத்து.

ஏழு திருச்சபைகளின் தடங்களைக் காணத் திருப்பயணம் செல்வோர் பொதுவாகச் சர்தையில் இரண்டு மணி நேரம் தங்குவர்; ஆலய இடிபாடுகளைக் கண்டு, மடலை வாசித்து, செபித்துவிட்டு அடுத்த ஊருக்குச் செல்வர். எங்கள் குழுவும் அப்படித்தான் சென்றது. எனினும் அந்த மண்ணில் நின்றபோது, என் சிந்தை அந்த வெள்ளிக்காசையே சுற்றி வந்தது. விவிலியத்தின் பிற்கால நூல்கள் பலவற்றை, குறிப்பாக எஸ்ராவையும் நெகேமியாவையும், அந்தக் காசின் வெளிச்சத்தில் வாசித்தால் சில வரிகள் புதிதாகப் பேசுகின்றன. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

துருக்கி நாட்டின் மேற்குக் கரையில் உள்ள இஸ்மிர் என்னும் பெருநகரே விவிலியம் கூறும் சிமிர்னா. அங்கிருந்து கிழக்கு நோக்கி நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பயணம் செய்தால் சர்தை வந்துவிடும். வழி நெடுகக் கெதிஸ் ஆற்றின் சமவெளி. எங்கு நோக்கினும் திராட்சைத் தோட்டங்கள். நம் வீடுகளில் பாயசத்திலும் கிறிஸ்துமஸ் கேக்கிலும் இடுகிற 'சுல்தானா' உலர்திராட்சைக்குப் பேர்போன மண் அது. ஆற்றுக்கு வடக்கே இயற்கைக் குன்றுகளைப் போலவே தோன்றும் மண்மேடுகள் பல உள்ளன. அவை குன்றுகள் அல்ல. பண்டை லிதிய மன்னர்களும் பெருமக்களும் துயிலும் கல்லறைகள். 'ஆயிரம் மேடுகள்' என்று பொருள்படும் பெயரை அவ்விடத்துக்குத் துருக்கியர் இட்டுள்ளனர். அவற்றுள் பெரியது அலியாத்தஸ் மன்னனுடையது. அதன் விட்டம் 350 மீட்டருக்கு மேல். சர்தை நகரையும் இக்கல்லறை மேடுகளையும் சேர்த்து 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இன்று அங்கே இருப்பது சார்த் என்னும் சிற்றூர். தெற்கே போஸ்டாக் மலைத்தொடர் எழுகிறது. அதிலிருந்து இறங்கி ஊரின் ஓரமாக ஓடுகிறது ஒரு சிற்றாறு. கோடையில் அதனைக் கணுக்கால் நனையாமல் கடந்துவிடலாம். இதுதான் பாக்டோலஸ் என்று வழிகாட்டி சொன்னபோது எங்களில் பலருக்கு ஏமாற்றமாக இருந்தது. தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் பெற்றுத் தவித்த மிதாஸ் மன்னன் தன் சாபம் நீங்க நீராடிய ஆறு இதுவே எனவும், அதனாலேயே இதன் மணலில் பொன் கலந்தது எனவும் கிரேக்கர் கதை சொல்வர். கதை எப்படியாயினும் மணலில் பொன் இருந்தது மெய். மலையின் பாறைகளை நீர் அரித்துப் பொற்றுகள்களைக் கொண்டுவந்து சேர்த்தது. கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த ஸ்திராபோ என்னும் புவியியல் அறிஞர் எழுதும்போதே அந்தப் பொன் தீர்ந்துவிட்டது.

ஆற்றங்கரைக்கு அருகே 1968ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான ஹார்வர்டும் கார்னெலும் இணைந்து நடத்திய அகழாய்வில் ஒரு பட்டறை வெளிப்பட்டது. அது கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. தரையில் சிறு சிறு குழிகள், சற்றுத் தள்ளி உலைகள், துருத்தியின் மூக்குகள், பொன்துளி ஒட்டிய மண்பாண்டத் துண்டுகள். பொன்னைப் புடமிட்ட களம் அது.

எங்கள் குழுவில் நகைப் பட்டறைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். மற்ற இடங்களில் நிழல் தேடிப் போய் அமர்ந்துவிடுகிறவர், இங்கே வழிகாட்டியை நகரவிடவில்லை.

"சாமி, இந்தக் குழி எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஈயத்தைச் சேர்த்து உருக்கி ஊதுவாங்க. செம்பு கிம்பு எல்லாம் ஈயத்தோட போயிடும். தங்கமும் வெள்ளியும் மட்டும் நிக்கும். ஆனா தங்கத்திலேருந்து வெள்ளியை எப்படிப் பிரிச்சாங்க? அந்தக் காலத்துல திராவகம் ஏது?"

வினா சரியான வினா. பாக்டோலஸ் மணலின் பொன் தனிப் பொன் அன்று, வெள்ளி கலந்தது. பண்டை நாணயத்துக்குப் பயன்பட்ட இக்கலவையை எலெக்ட்ரம் என்பர். அலியாத்தஸ் காலத்துக் காசுகள் எலெக்ட்ரத்தால் ஆனவை. அவற்றில் பொன் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. அவன் மகன் குரோசஸ் காலத்தில்தான் இரண்டையும் பிரிக்கும் வழி இங்கே பெரிய அளவில் கையாளப்பட்டது. அதற்குத் திராவகம் தேவைப்படவில்லை, உப்பே போதுமானதாயிற்று. பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, உப்போடு சேர்த்து மண்பாண்டத்தில் அடுக்கி மூடி, பொன் உருகாத அளவான சூட்டில் நெடுநேரம் வைத்திருப்பர். உப்பின் ஆவி வெள்ளியைத் தின்றுவிடும். பொன் தூயதாய் நிற்கும். போன வெள்ளி எங்கே போகும்? பாண்டத்தின் ஓட்டிலும் உலையின் செங்கல்லிலும் ஏறிக்கொள்ளும். அந்த ஓட்டையும் செங்கல்லையும் இடித்து, ஈயத்தோடு மீண்டும் உருக்கி, வெள்ளியைத் திரும்ப எடுத்தனர்.

"செங்கல்லைக்கூட விடல்லியா?" என்று பெரியவர் சிரித்தார். "பட்டறைக் குப்பையை நாங்களும் விக்கறதுண்டு சாமி."

வெள்ளியைப் புடமிடுகிறவர் உலையின் முன் பொறுமையாய் அமர்ந்திருக்கும் காட்சியை இறைவாக்கினர் மலாக்கி ஆண்டவரின் வருகைக்கு உவமையாக்குகிறார். மலாக்கி பாரசீகர் ஆட்சிக்காலத்து இறைவாக்கினர். அவர் எருசலேமில் கண்ட உலை சிறியதாக இருந்திருக்கலாம், வேலை இதுதான்.

குரோசஸ் அடித்த காசின் முகப்பில் சிங்கமும் காளையும் நேருக்கு நேர் நிற்கும். பொன்னில் ஒன்று, வெள்ளியில் ஒன்று. அக்காசு அவன் பெயரை வாழவைத்தது, அவனை வாழவைக்கவில்லை. கி.மு. 547ஆம் ஆண்டை ஒட்டிப் பாரசீக மன்னர் சைரசு படையோடு வந்தார். யூதரைப் பாபிலோனிலிருந்து தாயகம் திரும்பவிட்ட அதே சைரசுதான். செங்குத்தான கோட்டை மலையில் எவரும் ஏற முடியாது என்று நம்பி ஒரு பக்கத்தைக் காவலின்றி விட்டிருந்தனர். காவலாள் ஒருவனின் தலைச்சீரா கீழே உருண்டது. அவன் இறங்கி எடுத்துக்கொண்டு ஏறியதைப் பாரசீக வீரன் ஒருவன் பார்த்துவிட்டான். மறுநாள் அவ்வழியே படை ஏறியது. ஹெரோதோட்டஸ் கூறும் வரலாறு இது. கி.மு. 213இல் மூன்றாம் அந்தியோக்குவின் வீரர்களும் இவ்வாறே காவலற்ற ஒரு பக்கத்தில் ஏறி நகரைப் பிடித்தனர். விழித்திரு, திருடனைப் போல் வருவேன் என்னும் எச்சரிக்கை திருவெளிப்பாட்டில் சர்தைக்கென்றே அமைந்தது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்பர் மறைநூல் விளக்கவுரையாளர் பலர். கோட்டை மலையை அண்ணாந்து பார்த்தபோது அதன் மண் இன்றும் பொலபொலவென்று சரிந்துகொண்டிருப்பது தெரிந்தது.

சைரசின் படை எரித்த நகரத்தின் சாம்பல் அடுக்கையும் அகழாய்வாளர் கண்டெடுத்துள்ளனர். இருபது மீட்டர் தடித்த மண்செங்கல் மதில் இடிந்து விழுந்த இடத்தில், வெட்டுக் காயங்களோடு இளம் வீரன் ஒருவனின் எலும்புக்கூடு கிடந்தது. அந்த அழிவின் அடுக்கில் சிங்கமும் காளையும் பொறித்த வெள்ளிக்காசுகளும் கிடைத்தன.

இங்கே ஒரு வியப்பு. வென்றவர் தோற்றவனின் காசை அழிக்கவில்லை. பாரசீகருக்கு அதுவரை சொந்தக் காசு என்று ஒன்று கிடையாது. ஆகவே குரோசசின் சிங்கமும் காளையும் பாரசீகர் ஆட்சியிலும் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் சர்தையிலிருந்து வெளிவந்துகொண்டே இருந்தன. தாரியு மன்னர் காலத்தில்தான், கி.மு. 515ஆம் ஆண்டை ஒட்டி, புதிய அச்சு வந்தது. பொற்காசுக்குத் தாரிக் என்று பெயர். எடை ஏறக்குறைய 8.4 கிராம், அதாவது நம் ஒரு சவரனைவிடச் சற்றே கூடுதல். வெள்ளிக்காசைக் கிரேக்கர் சிக்ளோஸ் என்றனர். விவிலியத்தில் நாம் காணும் செக்கேல் என்னும் சொல்லே கிரேக்க நாவில் அவ்வாறு திரிந்தது. சிக்ளோசின் எடை முதலில் 5.35 கிராம், சில ஆண்டுகளில் அதனை 5.55 கிராம் அளவுக்கு உயர்த்தினர். இருபது சிக்ளோஸ் சேர்ந்தால் ஒரு தாரிக்.

சில ஆண்டுகளுக்கு முன் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இக்காசைக் கண்டேன். காசு என்றால் வட்டம் என்று நினைத்துப் பழகிய கண்ணுக்கு அது விந்தை. அவரை விதையைப் போல நீண்டு தடித்திருக்கும். முகப்பில் முடிசூடித் தாடி வளர்த்த மன்னர் முழங்கால் மடித்து ஓடுகிறார். இடக்கையில் வில், வலக்கையில் ஈட்டி, முதுகில் அம்பறாத்தூணி. சில காசுகளில் ஈட்டிக்குப் பதில் குறுவாள். முற்பட்டவற்றில் வில்லை வளைத்து அம்பு தொடுக்கிறார். பின்புறத்தில் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. உளியால் குத்திய கரடுமுரடான பள்ளம் மட்டுமே. எந்த மன்னர், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று ஒரு சொல் கிடையாது. தாரியுவுக்குப் பின் அகஸ்வேர், அர்த்தக்சஸ்தா என்று மன்னர்கள் மாறினர். காசின் மேல் ஓடுகிறவர் மாறவில்லை. இறக்கிற மன்னரை அன்று, இறவாத மன்னர் பதவியைப் பொறித்தார்கள் போலும்!

சர்தையில் ஆர்த்தமிஸ் கோவிலை நோக்கி நடந்தபோது ஒருவர் எங்களை அணுகிக் கைக்குட்டையை விரித்தார். பத்துப் பன்னிரண்டு காசுகள். அவற்றுள் ஓடும் வில்லாளியும் இருந்தார். "சாமி, இது நெசக் காசா? வாங்கலாமா?" என்று குழுவைச் சேர்ந்த தாய் ஒருவர் என் காதருகே கேட்டார். "வேண்டாம்மா. பொய்யாக இருந்தால் பணம் நஷ்டம். மெய்யாக இருந்தால் விமான நிலையத்தில் போலீஸ்" என்றேன். பழம்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதைத் துருக்கிச் சட்டம் கண்டிப்பாகத் தடுக்கிறது. விற்க வந்தவர் எங்கள் முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டு, அத்திப்பழம் வேண்டுமா என்றார். அதை வாங்கினோம்.

இத்துணைப் பெரிய அரசரின் காசு. ஆயினும் அவருடைய சொந்த மக்கள் அதைக் கையால் தொட்டார்களா? இவ்வினாவுக்கு விடை காணச் சர்தையை விட்டுச் சற்று நேரம் கிழக்கே செல்ல வேண்டும். வழி இருக்கிறது. சர்தையிலிருந்து சூசா என்னும் தலைநகர் வரை பாரசீகர் அமைத்த அரச நெடுஞ்சாலையில் 111 தங்குமிடங்கள் இருந்தன எனவும், அதனைக் கடக்க 90 நாள் ஆகும் எனவும் ஹெரோதோட்டஸ் கணக்குச் சொல்கிறார். சூசாவுக்குத் தென்கிழக்கே, இன்றைய ஈரானில், தாரியு எழுப்பிய பெர்செப்போலிஸ் அரண்மனை உள்ளது. அதன் பெருமண்டபத்தின் மூலைகளில் அடித்தளத்தின் கீழே வைத்த இரண்டு கற்பேழைகள் 1933இல் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பொற்றகடு, ஒரு வெள்ளித்தகடு. தாரியுவின் அரசு ஒரு கோடியில் சிந்து நாட்டிலிருந்து மறுகோடியில் சர்தை வரை நீள்கிறது என்று மூன்று மொழிகளில் அவற்றில் எழுதியுள்ளனர். தகடுகளின் கீழே காசுகள் இட்டிருந்தனர்: குரோசசின் பொற்காசுகளும் கிரேக்க நகரங்களின் வெள்ளிக்காசுகளும். தாரியுவின் காசு ஒன்றுகூட இல்லை. அது அப்போது பிறந்திருக்கவில்லை என்பர் ஆய்வாளர்.

அதே இடத்தில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளும் கிடைத்தன. அவை அரண்மனைக் களஞ்சியத்தின் கணக்கேடுகள். கல்தச்சன், நெசவுப்பெண், குதிரைக்காரன், தூதன் என்று எல்லாருக்கும் கூலி அளக்கப்பட்டது. காசாக அன்று, பார்லியாகவும் திராட்சை இரசமாகவும் பியராகவும். பிள்ளை பெற்ற தாய்க்குத் தனிப்படி உண்டு. ஆண் பிள்ளையானால் பெண் பிள்ளைக்குக் கொடுப்பதைப்போல் இரு மடங்கு. (இந்த ஓரவஞ்சனையைச் சர்தை பேருந்தில் சொன்னபோது பெண்களெல்லாம் ஒரே குரலில் முணுமுணுத்தனர்.) பின்னர், கி.மு. 492ஆம் ஆண்டு முதல், படியின் ஒரு பகுதியை வெள்ளிக் கணக்கில் எழுதத் தொடங்கினர். ஓர் ஆட்டுக்கு மூன்று செக்கேல், ஒரு சாடி இரசத்துக்கு ஒரு செக்கேல் என்று விலை. அந்தச் செக்கேலும் தராசில் நிறுக்கும் எடையே. வில்லாளிக் காசு பெர்செப்போலிஸ் கணக்கேட்டில் தோன்றும் இடம் மிக வேடிக்கையானது: கி.மு. 500ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு களிமண் பலகையில், அலுவலர் ஒருவர் தம் முத்திரைக்குப் பதிலாக அத்தகைய காசை அழுத்திப் பதித்துள்ளார். காசு அங்கே மோதிரத்தின் வேலையைச் செய்தது!

ஆக, சிக்ளோஸ் புழங்கியது பெரும்பாலும் பேரரசின் மேற்கு ஓரத்தில்தான். காசுக்குப் பழகிய கிரேக்கருக்கும் லிதியருக்கும் இடையே, படைவீரரின் கூலிக்காக. புதையல்களாக அது மிகுதியாகக் கிடைப்பதும் இன்றைய துருக்கி மண்ணில்தான். கிழக்கே காபூலில் 1933இல் கிடைத்த புதையலில் கிரேக்கக் காசுகளோடும் நம் நாட்டு முத்திரைக் காசுகளோடும் சில சிக்ளோஸ் கலந்திருந்தன. அவை வழி தவறிப் போனவை போலத்தான்.

ஆனால் வெள்ளி மட்டும் நாற்புறமிருந்தும் மன்னரை நோக்கி ஓடியது. தாரியு தம் அரசை இருபது மாநிலங்களாகப் பிரித்து வரி விதித்தார். பொற்றுகள் செலுத்திய இந்தியாவைத் தவிர மற்றவை வெள்ளி செலுத்தின. ஐந்தாம் மாநிலத்தின் பங்கு 350 தாலந்து. ஒரு பாபிலோனியத் தாலந்து ஏறக்குறைய 30 கிலோ. ஆக, ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேல் வெள்ளி. வந்த வெள்ளியை மன்னர் உருக்கி மண்சாடிகளில் ஊற்றுவார். ஆறியபின் சாடியை உடைத்து எறிந்துவிட்டு வெள்ளிப் பாளத்தை அடுக்கிவைப்பார். தேவைப்படும்போது தேவைப்படும் அளவு வெட்டிக் காசாக்குவார். இதுவும் ஹெரோதோட்டஸ் தரும் செய்தி. அவ்வெள்ளியின் பெயரால் ஓர் உயிரும் போயிற்று. எகிப்தின் ஆளுநர் அரியாந்தஸ் என்பவர், தாரியுவின் பொற்காசின் தூய்மையைக் கண்டு தாமும் அவ்வாறே தூய வெள்ளியில் காசு அடித்தார். மன்னர் அதனைப் பொறுக்கவில்லை; கலகக் குற்றம் சாட்டி அவரைக் கொன்றார்.

ஐந்தாம் மாநிலம் என்றேன் அல்லவா? பெனிசியா, சைப்பிரசு, பாலஸ்தீனம் ஆகியவை அதில் அடங்கின. அந்த 350 தாலந்துக்குள் யூதேயா நாட்டு உழவனின் வெள்ளியும் இருந்தது.

இப்போது நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 445இல் அர்த்தக்சஸ்தா மன்னரின் பானம் பரிமாறுவோராக இருந்த நெகேமியா, ஆளுநராக எருசலேமுக்கு வருகிறார். மதில் கட்டும் வேலை நடக்கிறது. நடுவில் ஏழை மக்களின் கூக்குரல் எழுகிறது; ஆண்களோடு பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தவர் சிலர். மன்னருக்கு வரி செலுத்துவதற்காகவே வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் ஈடுகாட்டிக் கடன்பட்டவர் வேறு சிலர். கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளை அடிமைகளாக்கியாயிற்று. பெண் பிள்ளைகள் சிலர் ஏற்கெனவே அடிமைப்பட்டுவிட்டனர். மீட்க வழியில்லை, நிலம் வேறொருவர் கையில்.

இதில் 'வரி செலுத்துவதற்காக' என்னும் சொல்லை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். யூதேயா உழவனிடம் கோதுமை உண்டு, எண்ணெய் உண்டு, இரசம் உண்டு. வெள்ளி விளையும் நிலம் அவனிடம் இல்லை. மலைநாட்டில் சுரங்கமும் இல்லை. மன்னருக்கு வேண்டியதோ வெள்ளி. அறுவடைக் காலத்தில் எல்லாரும் ஒருங்கே தானியத்தைக் கொண்டுவந்து வெள்ளி கேட்டால், வெள்ளி வைத்திருப்பவன் சொன்னதே விலை. அவன் வெளிநாட்டான் அல்லன்; சொந்த இனத்தின் பெரியவன், ஒரே ஆலயத்தில் பலி செலுத்துகிறவன். நெகேமியாவைச் சினமூட்டியது அதுதான். மன்னரின் வரியைக் குறைக்க அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் தலைவர்களைக் கூட்டி வைத்து, வட்டியை விடுங்கள், நிலத்தையும் வீட்டையும் இன்றே திருப்பிக் கொடுங்கள் என்று ஆணையிட வைத்தார். குருக்களை அழைத்து அவர்கள் முன் சத்தியம் வாங்கினார்.

தம்மைப் பற்றியும் ஒரு கணக்குத் தருகிறார். அவருக்கு முன்னிருந்த ஆளுநர்கள் உணவும் இரசமும் போக நாற்பது செக்கேல் வெள்ளியை மக்களிடம் பெற்றனர். பன்னிரண்டு ஆண்டுகள் ஆளுநராக இருந்தும் அவர் அப்படியைத் தொடவில்லை. அவர் பந்தியிலோ நாள்தோறும் 150 பேர்; ஒரு மாடும் ஆறு ஆடுகளும் சமைக்கப்பட்டன. பெர்செப்போலிஸ் விலையில் ஆறு ஆடுகளுக்கு மட்டுமே பதினெட்டுச் செக்கேல் ஆகும்! செலவைத் தாமே ஏற்றார். மக்கள் மேல் சுமந்த பாரம் கடினமாயிருந்தது என்பதையும் தாம் கடவுளுக்கு அஞ்சியதையும் அவர் காரணமாகச் சொல்கிறார்.

நெகேமியா காலத்து நாற்பது செக்கேலும் பெரும்பாலும் தராசில் நிறுக்கப்பட்ட வெள்ளியாகவே இருந்திருக்கும். எரேமியா அனத்தோத்து நிலத்தைப் பதினேழு செக்கேலுக்கு வாங்கியபோது நிறுத்துக் கொடுத்ததைப் போல. காசு யூதேயாவுக்கு வந்தது அதற்கடுத்த நூற்றாண்டில். ஆளுநர்கள் தாமே காசு அடித்த காலம் அது; புனித பவுலின் ஊரான தர்சு நகரில் பாரசீக ஆளுநர் மசாயுஸ் தம் பெயரை அரமேய எழுத்தில் பொறித்து அழகிய வெள்ளிக்காசுகளை வெளியிட்டார். எருசலேமிலும் யூதேயா நாட்டின் பெயர் தாங்கிய சின்னஞ்சிறு வெள்ளிக்காசுகள் வந்தன. பல ஒரு கிராம்கூட இல்லாதவை. உள்ளங்கை வியர்வையில் ஒட்டிக்கொண்டால் காணாமற் போய்விடும். சிலவற்றில் லீலி மலர், சிலவற்றில் ஆந்தை. ஒரு வகையில் 'யோகனான் குரு' என்று பெயர் பொறித்துள்ளது. பிறர் காசையே எண்ணிய மக்கள் தம் ஊரின் பெயரைக் காசில் கண்டபோது மகிழ்ந்திருப்பர்; வரி மட்டும் மாறவில்லை.

சர்தைக்குத் திரும்புவோம். படைக்கூலியே சிக்ளோசின் முதல் வேலை என்றேன். கி.மு. 407இல் ஸ்பார்ட்டாவின் கப்பற்படைத் தலைவன் லிசாந்தர் இந்நகருக்கு வந்தான். மன்னரின் இளைய மகன் சைரசு அப்போது இங்கே ஆளுநர். விருந்தில் இளவரசன் மகிழ்ந்து, உனக்கு என்ன வேண்டும் கேள் என்றான். ஒவ்வொரு மாலுமியின் நாட்கூலியிலும் ஓர் ஓபோல் கூட்டித் தாருங்கள் என்றான் லிசாந்தர். ஓபோல் என்பது கிரேக்கரின் சிறு வெள்ளிக்காசு. மூன்று ஓபோல் கூலி நான்காயிற்று. ஏதென்சுக்குத் துடுப்பு வலித்தவர்கள் இங்கே ஓடிவரத் தொடங்கினர். மூன்றே ஆண்டில் ஏதென்சு வீழ்ந்தது. இதே சைரசு கி.மு. 401இல் அண்ணனின் அரியணையைப் பறிக்கச் சர்தையிலிருந்து படையெடுத்துச் சென்றான். உடன் சென்ற செனோபன் எழுதிய பயண வரலாறு கிரேக்கம் பயிலும் எவருக்கும் அறிமுகமானது. பாலைவனத்தில் உணவு தீர்ந்தபோது, படையோடு வந்த லிதிய வணிகரின் கடையில் மட்டும் மாவு கிடைத்தது. நான்கு சிக்ளோசுக்கு ஒரு கப்பித்தை. கப்பித்தை என்பது ஒருவனுக்கு இரண்டு நாள் உணவு. ஒரு சிக்ளோஸ் ஏழரை ஓபோல் என்கிறார் செனோபன். லிசாந்தரின் மாலுமிக்கு அந்த இரண்டு நாள் உணவு ஏழரை நாள் கூலி! வீரர்கள் மாவை விட்டுவிட்டு இறைச்சியைத் தின்று நடந்தனர். அந்த வணிகர்கள் சர்தைப் பக்கத்து மக்கள். காசைக் கண்டுபிடித்த ஊர் கணக்கையும் மறக்கவில்லை.

காசைப் பற்றிய ஐயமும் குறையவில்லை. கண்டெடுத்த சிக்ளோஸ்களில் பலவற்றின் மேல் சிறு சிறு முத்திரைகள் குத்தப்பட்டுள்ளன: பிறை, விண்மீன், ஏதோ ஓர் எழுத்து. கைமாறிய ஒவ்வொரு வட்டிக்கடையிலும் சோதித்துப் பார்த்துத் தங்கள் குறியை இட்டனர். மன்னரின் உருவம் இருந்தும் நம்பிக்கை வரவில்லை. வெள்ளி உள்வரை வெள்ளிதானா என்று உளியைக் கேட்டனர். மன்னர் வில்லாளியாக நிற்பதும் கேலிக்கு இடமாயிற்று. ஆசியாவில் வெற்றி பெற்றுவந்த ஸ்பார்ட்டா மன்னன் அகெசிலாவு, பாரசீகர் அவன் பகைவருக்குப் பணம் அனுப்பியதால் கி.மு. 394இல் நாடு திரும்ப நேர்ந்தபோது, ஆயிரக்கணக்கான வில்லாளிகள் தன்னைத் துரத்திவிட்டதாகச் சொன்னானாம். ஓர் அம்புகூடப் பறக்கவில்லை.

ஆர்த்தமிஸ் கோவிலின் இரண்டு தூண்கள் இன்றும் ஏறத்தாழ 58 அடி உயரத்துக்கு முழுமையாய் நிற்கின்றன. அக்கோவில் பாரசீகருக்குப் பின் எழுந்தது. அதன் ஒரு மூலையில், பெரிய மரத்தின் அடியில் முளைத்த காளானைப் போல, 4ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ ஆலயம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. செங்கல் வளைவு அழகாக எஞ்சியிருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் இந்நகரின் ஆயராக விளங்கிய மெலித்தோவை நினைத்து, அங்கே மடலை வாசித்துச் செபித்தோம்.

கி.மு. 334இல் அலெக்சாந்தர் வந்தபோது சர்தையில் போர் நடக்கவில்லை. கோட்டைத் தலைவன் மித்ரெனஸ் நகரையும் கருவூலத்தையும் கையில் ஒப்படைத்துவிட்டான். விரைவில் இங்கே அலெக்சாந்தரின் காசு அடிக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த வில்லாளி நின்றுபோனார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அலெக்சாந்தர் சூசாவின் கருவூலத்தைத் திறந்தார். காசாக அடிக்காத பொன்னும் வெள்ளியும் 40,000 தாலந்துக்கு மேல். தாரிக்குகளாக 9,000 தாலந்து. தியோதோரஸ் என்னும் வரலாற்றாசிரியர் தரும் எண்கள் இவை. பெர்செப்போலிசில் இன்னும் கூடுதல். பல தலைமுறை உழவர்களின் வெள்ளியில் பெரும்பகுதி காசாகி ஒருவர் கையிலும் ஏறாமல், உடைத்த சாடிகளின் வடிவத்திலேயே அடுக்கிக் கிடந்திருக்கிறது.

அடுத்த ஊரான பிலதெல்பியாவுக்குப் பேருந்து புறப்பட்டபோது நகைப் பட்டறைப் பெரியவர் என் பக்கத்து இருக்கைக்கு வந்தார். அத்திப்பழப் பொட்டலத்தின் பின்புறத்தில் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார். தாலந்துக்கு இருபத்தாறு கிலோ என்று கிரேக்கர் அளவில் பார்த்தாலும் நாற்பதாயிரம் தாலந்து ஆயிரம் டன்னுக்கு மேல் வருகிறது.

"ஆயிரம் டன்னு சாமி. வெட்டாம வச்சிருந்திருக்காங்க" என்றார். பிறகு சன்னல் வழியே திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.